இயேசுட ஆச்சி

பாலாவியில் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பிய பஸ் நுரைச்சோலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு என் மடியில் இருந்த பேத்தி, அது பின்னால் மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“ஆச்சி, சாந்த ஆனா யாரு?”

தலவிலத் திருவிழாவுக்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். மார்ச்சில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு திருவிழா. எங்கள் வீட்டார் ஓகஸ்டுக்குத்தான் போவது வழக்கம்.

“மாதாட அம்மா.”

அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். “அப்ப இயேசுட ஆச்சி.”

“ஓம்.”

“அவ இயேசுவுக்குக் கதை சொன்னாவா?”

அறுபத்தாறு வருடங்களாக நான் தலவிலவுக்குப் போய் வருகிறேன். கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், கல்யாணமானதும் போனேன், பிள்ளை வரம் கேட்டுப் போனேன். தமிழில் சந்தனமாதா என்றும் அன்னம்மாள் என்றும், சிங்களத்தில் சாந்த ஆனா என்றும் அழைக்கப்படும் அந்தப் பெண் ஒரு பாட்டி என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லியிருக்கக்கூடிய ஒருத்தியாக அவவை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளை நினைத்தாள்.

எங்கள் கரையில் விசுவாசம் பாட்டிமார் வழியாகத்தான் இறங்கி வந்தது. அந்தப் பாட்டிமாரில் நானும் ஒருத்தி. நான் செய்த ஒரு பிழையையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தளம் மாவட்டத்துக் கரை வித்தியாசமான இடம். நாடு முழுவதிலும் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி 7 இலட்சத்து 62 ஆயிரம் பேர் வாழ்ந்த இந்த மாவட்டத்திலோ அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வென்னப்புவயில் தொடங்கி மாரவில, சிலாபம், கற்பிட்டி என்று கடலோரமாகவே போனால், ஒரு கோவிலின் மணி ஓய்வதற்குள் அடுத்த கோவிலின் சுரூபம் கண்ணில் படும். இடையே உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பார்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் பலரின் பெயரில் போர்த்துக்கேயம் இருக்கும், பேச்சில் சிங்களம் இருக்கும், பழைய செபப் புத்தகத்தில் தமிழ் இருக்கும்.

என் ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், செபமாலையின் தேவ இரகசியங்கள், மாதா பிரார்த்தனை எல்லாம் மனப்பாடம். தவக்காலம் வந்தால் வியாகுலப் பிரசங்கத்தின் பந்தி பந்தியாக இராகத்தோடு சொல்லிக் கண்ணீர் விடுவார். அந்த நூலை எழுதியவர் யாகோமே கொன்சால்வெஸ் என்ற கோவா குருவானவர். கொங்கணி அவருடைய தாய்மொழி. 1705இல் இலங்கைக்கு வந்து தமிழையும் சிங்களத்தையும் புலவர் அளவுக்குக் கற்றார். 1742இல் வென்னப்புவப் பக்கத்துப் போலவத்தையில் காலமானார், அங்கேயே அடக்கம். கிறிஸ்துவின் பாடுகளைச் சிங்களத்தில் தனியாகத் ‘துக்பிராப்தி பிரசங்கய’ என்று எழுதியவரும் அவரே. எங்கள் ஆச்சி தமிழில் அழுததும் அடுத்த ஊர் ஆச்சி சிங்களத்தில் அழுததும் ஒரே மனிதருடைய பேனாவினால் என்பதை நான் வேலைக்குப் போன பிறகுதான் அறிந்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு இது சொல்லப்பட வேண்டும். போலவத்தை வழியாகப் போகும்போதெல்லாம் நான் சொல்கிறேன்.

மனப்பாடம் என்றதும் இன்றைய ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். எங்களைக் காப்பாற்றியது மனப்பாடம்தான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்ததும் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள், பூசை தடைசெய்யப்பட்டது. சுவாமி இல்லை, கோவில் இல்லை. மூப்பரும் அண்ணாவியாரும் செபத்தை நடத்த, வீட்டுக்குள் பெண்கள் அதைப் பிள்ளைகளின் வாயில் ஏற்றினார்கள். பிறகு 1687இல் யோசேப்பு வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கத்தோலிக்கர் யார் என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம். மாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தாராம்.

என் பேத்திக்கு மிகவும் பிடித்த கதை இது. கழுத்தில் என் செபமாலையைப் போட்டு, கையில் ஒரு சிரட்டையை வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். நான் முகம் மாறக் கூடாது. மாறினால் பிடிபட்டேன். ஒவ்வொரு முறையும் பிடிபடுகிறேன். அவர் 1690இல் எங்கள் புத்தளத்துக்கும் வந்து தங்கினார், பிறகு கண்டிக்குப் போனார், அங்கே ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள், 1711இல் கண்டியிலேயே இறந்தார், 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார் என்பதையெல்லாம் மெல்ல மெல்லச் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்றால் மட்டும் அவள் நம்புவதில்லை. “சாந்துவரோட காலத்தில ஆச்சி இருந்தாவா?” என்கிறாள்.

ஒல்லாந்தரால் முறிக்க முடியாத அந்தச் சங்கிலி பிறகு வேறு விதமாக முறிந்தது. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமானது. ஆயர் எட்மண்ட் பீரிஸ் 1940 முதல் 1972 வரை இருந்தார். அந்தக் காலத்தில் கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகள் தமிழிலிருந்து சிங்கள மொழிமூலத்துக்கு மாறின. கோவில் செபமும் மாறியது. ஒருவரைக் குற்றவாளியாக்கி முடித்துவிடக்கூடிய கதை அல்ல இது. வேலை, சந்தை, கல்யாணம், 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு வந்த அரசியல் எல்லாம் அதே பக்கம்தான் தள்ளின. என் தாயார் யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்தவர். அதனால் எங்கள் வீட்டில் தமிழ் நின்றது. சித்தப்பா வீட்டில் நிற்கவில்லை. சிறு வயதில் அங்கே இரவுச் செபமாலைக்குப் போயிருக்கிறேன். மந்திரத்தின் முதல் பாதியை ஆச்சி தமிழில் சொல்வார். மீதிப் பாதியைப் பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் முடிப்பார்கள். ஆச்சியும் நிறுத்த மாட்டார், பிள்ளைகளும் நிறுத்த மாட்டார்கள். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே ஓடும். அன்றைக்கு அது எனக்கு ஒரு வினோதமாகவும் படவில்லை.

இன்று அதை நினைக்கும்போதுதான் உறைக்கிறது. ஆச்சியும் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து செபித்தார்கள். சேர்ந்து பேசவில்லை. ஆச்சி செபத்தைக் கொடுத்துவிட்டுப் போனார், செபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மொழி ஒன்றாக இருந்தவரை அந்தக் குறை வெளியில் தெரியவில்லை. மொழி போனதும் கையில் மிஞ்சியது கொஞ்சம்.

அதற்கு மேல் இப்போது இத்தாலி வந்துவிட்டது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கத்தில் இத்தாலியில் ஆள் இல்லாத வீடு எது என்று தேட வேண்டும். மாடி வீடுகளின் முகப்பைப் பார்த்தாலே தெரியும். மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரும் உண்டு. போகிறவர்கள் பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறார்கள்? ஆச்சியிடம். பாலூட்டுவதைத் தவிர எல்லாம் ஆச்சிதான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்புப் போட்டு மறைக்கல்விக்கு அனுப்புவதும், முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்வதும், இரவில் இருட்டுக்குப் பயந்து எழும்பும்போது நெற்றியில் சிலுவை போடுவதும் அவவுடைய வேலை. குருவானவர் பிள்ளையை வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் காண்கிறார். கேள்வி வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது நாங்கள்.

என் மகளும் மிலானுக்குப் போனாள். மூத்த பேரனை என்னிடம் விட்டுப் போனாள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. அவனுக்கு அப்போது ஆறு வயது. குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோவில் எங்களுக்குத் தூரமில்லை. அதே காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். மொத்தம் 260 பேருக்கு மேல் மாண்டார்கள். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேல். எங்கள் ஊரிலிருந்து செத்த வீட்டுக்குப் போகாத ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு கோவில்கள் பூட்டிக் கிடந்தன. பேராயர் தொலைக்காட்சியில் பூசை செய்தார். வீட்டு விறாந்தையில் முழங்காலில் நின்று பூசை கண்டோம்.

பூசை முடிந்ததும் அவன் கேட்டான்: “ஆச்சி, கோவிலுக்குள்ளதானே இருந்தாங்க. இயேசு ஏன் காப்பாத்தல?”

எனக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர்கள் நேரே மோட்சத்துக்குப் போய்விட்டார்கள், அது கடவுளின் சித்தம் என்றேன். அவன் யோசித்தான்.

“அப்ப குண்டு வச்சது கடவுளுக்கு விருப்பமா?”

நான் அவனை அதட்டினேன். அப்படிக் கேட்பது பாவம் என்றேன். காதைப் பிடித்துத் திருகவும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து மே மாதம் இந்த மாவட்டத்திலேயே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லயில் ஒரு மனிதரை வெட்டிக் கொன்றார்கள். எங்கள் வீட்டுக்கு வருடக்கணக்காகத் துணி கொண்டுவரும் முஸ்லிம் நானா அதற்குப் பிறகு பல மாதம் வரவில்லை. வந்த அன்று பேரன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் வினை. நான் கதைக்காத இடத்தில் தெருவும் தொலைபேசியும் கதைத்திருந்தன. சிங்களத்தில் எங்கள் கோவிலும் ‘பல்லிய’, முஸ்லிம்களின் பள்ளிவாசலும் ‘பல்லிய’. தமிழ்ப் பள்ளியிலிருந்து போன சொல் அது. இரண்டு இடத்துக்கும் ஏன் ஒரே பெயர் என்ற இடத்திலிருந்தே ஒரு ஆறு வயதுப் பிள்ளையோடு பேச்சைத் தொடங்கியிருக்கலாம். தோன்றவில்லை. அந்தக் காது திருகலுக்குப் பிறகு அவன் என்னிடம் கடவுளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் தாயோடு போய்ச் சேர்ந்தான். இப்போது வயது பன்னிரண்டு. தொலைபேசியில் “பூசைக்குப் போனீயா மகன்?” என்றால் தோளைக் குலுக்குகிறான்.

இப்போது சிறியவளிடம் நான் சில காரியங்களைச் செய்வதில்லை. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்வதில்லை. என்னை வளர்த்தவர்கள் சொன்னார்கள், நானும் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பொய் சொன்னாலும் கண்ணைக் குத்துவார், சோறு சிந்தினாலும் குத்துவார். அப்படிப் பழகிய பிள்ளைக்கு வளர்ந்த பிறகு, அன்பு செய்கிற கடவுள் என்று பிரசங்கத்தில் சொன்னால் எப்படி ஏறும்? நரகத்தைப் பற்றி அவள் கேட்டால் பதில் சொல்வேன். நானாகப் பேச்செடுத்துப் பயமுறுத்த மாட்டேன். இன்னொன்று, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதில்லை. இது எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆச்சிக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளை நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

தலவிலக் கதை அதற்கு நல்ல பயிற்சி. மரத்தடியில் பாய் விரித்து, சோற்றுப் பார்சலை அவிழ்த்துவைத்துக்கொண்டு சொன்னேன். முன்னொரு காலத்தில் ஒரு ஏழை வெள்ளைக்காரன் வேலை தேடிக் கரையோரமாகவே கொழும்புக்கு நடந்து போனான். வேலை கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது களைத்து இங்கே ஒரு மரத்தடியில் தூங்கினான். கனவில் ஒரு வெளிச்சமும் ஒரு சுரூபமும் கண்டான். விழித்துப் பார்த்தால் சுரூபம் அங்கேயே இருந்தது. இன்னொரு விதமாகவும் சொல்வார்கள்: கப்பல் உடைந்து கரையேறிய ஒரு வியாபாரி, தன்னோடு தப்பிய அன்னம்மாள் சுரூபத்தை மரத்தடியில் வைத்து, வியாபாரம் பலித்தால் கோவில் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டான்.

“எது உண்மை?”

“ஆச்சிட ஆச்சி சொன்ன கதை. ரெண்டு விதமாவும் சொன்னாங்க.”

“பைபிள்ல இருக்கா?”

“இல்ல. பைபிள்ல இருக்கிறது வேற, நாங்க சொல்லிச் சொல்லி வச்சிருக்கிறது வேற.”

அவள் அதை இயல்பாக எடுத்துக்கொண்டாள். நான் பயந்ததுபோல ஒன்றும் இடிந்து விழவில்லை. உண்மையில் அன்னம்மாளின் பெயரே பைபிளில் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாக்கோபின் முன்நற்செய்தி என்ற நூலில்தான் மாதாவின் பெற்றோர் யோவாக்கிம், அன்னாள் என்று வருகிறது. திருச்சபை அந்த நூலைப் பைபிளில் சேர்க்கவில்லை, பெயர்களை மட்டும் மறக்கவில்லை. ஐரோப்பாவின் ஓவியர்கள் அன்னம்மாளை வரையும்போது அவவுடைய மடியில் ஒரு புத்தகத்தை வைத்து, சிறுமி மரியாவுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதாக நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தார்கள். யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை எங்கிருந்தாவது கற்றிருக்க வேண்டுமே என்ற நினைப்பு அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

பைபிளில் பெயரோடு வருகிற ஒரு பாட்டி உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்திலேயே அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் பிறகு தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பவுல் நினைவுபடுத்துகிறார். புதிய ஏற்பாடு முழுவதிலும் பாட்டி என்ற சொல் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் தமக்குச் செபிக்கக் கற்றுத் தந்தது பாட்டி ரோசா என்று ஓயாமல் சொல்லி வந்தவர். 2021இல் அவரே ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிமாருக்கான நாளாக அறிவித்தார். ஜூலை 26 யோவாக்கிம், அன்னாள் திருநாள் என்பதால் அந்தப் பக்கத்து ஞாயிறு.

பஸ்ஸில் கேட்ட கேள்வியை அவள் மறக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் திரும்பக் கேட்டாள்: “சொல்லுங்க ஆச்சி, கதை சொன்னாவா?”

“எழுதி வைக்கல்ல. நாங்களே யோசிச்சுப் பாப்பம். இயேசு பெரிய ஆளானதும் யோனாட கதையைச் சொல்றாரே, மீன் வயித்துக்குள்ள மூணு நாள் இருந்த யோனா. அது அவருக்கு எப்படித் தெரியும்?”

“யாரோ சொல்லியிருக்காங்க.”

“சின்னதில யாரோ சொல்லியிருக்காங்க.”

அவள் கோவில் பக்கம் பார்த்தாள். பிறகு எனக்கு யோனா கதையைச் சொன்னாள். பாதி சிங்களம், பாதி தமிழ். அவளுடைய யோனா சிலாபத்தில் ஏறுகிறான், எஞ்சின் போட்ட வள்ளத்தில். புயலில் வலையைக்கூட வெட்டி எறிகிறார்கள். மீன் அவனைத் துப்பும் இடம் தலவில. நடுவில் ஓர் இடத்தில் நான் திருத்தப் போனேன், நிறுத்திக்கொண்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. என் ஆச்சி சொன்ன மந்திரங்கள் அவளுக்கு வரப்போவதில்லை, அதில் எனக்குத் துக்கம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பரமண்டல மந்திரத்தை மட்டும் தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அவள் எந்த மொழியில் கேட்கிறாளோ அந்த மொழியில். என் சிங்களம் தடுமாறும்போது அவள் திருத்துவாள். ஆச்சி என்று அவள் கூப்பிடும்போது அது தமிழா சிங்களமா என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் அதே சொல்தான்.

இரவு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து படுக்கும் நேரம் மிலானிலிருந்து வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அங்கே மாலை ஆறு மணி. மகள் வேலையால் வரவில்லை, பேரன்தான் எடுத்தான். தங்கைக்காரி அவனுக்குக் கூட்டத்தையும் விளக்குகளையும் காட்டினாள். தொலைபேசி என் கைக்கு வந்ததும் நான் நினைத்துவைக்காத ஒன்றைச் சொன்னேன்.

“மகன், குண்டு வெடிச்ச நேரம் நீ ஆச்சிட்ட ஒண்டு கேட்டாய். ஞாபகமா?”

அவன் சிங்களத்தில் சொன்னான், ஞாபகம் இருக்கு என்று. காதைத் தொட்டுக் காட்டினான்.

“ஆச்சி செய்தது பிழை. நீ கேட்டது பாவமில்ல. இயேசுவே சிலுவையில அதைத்தான் கேட்டவர்.”

திரையில் அவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

“இப்ப ஆச்சிக்குப் பதில் தெரியுமா?”

“இப்பவும் தெரியா. நீ என்ன நினைக்கிறாய் எண்டு சொல்லு.”

அவன் பேசத் தொடங்கினான். சிங்களத்தில் தொடங்கி, சொல் கிடைக்காத இடத்தில் இத்தாலியனுக்குப் போனான். எனக்குப் பாதி விளங்கவில்லை. நான் இடைமறிக்கவில்லை. சிறியவள் என் தோளில் நாடியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மின்கலம் ஏழு வீதத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த பந்தலில் வயர் இழுத்து வைத்திருந்த குடும்பத்திடம் ஓடிப்போய்ச் சார்ஜரைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன்.